ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸுக்கு ஆன்டிபாடி வாங்குவது எப்படி? எல்லையோர ஆய்வகத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாலக்காட்டிலோ கொழிஞ்சாம்பாறையிலோ, அந்தப் பக்கம் திருப்பதியிலோ குப்பத்திலோ ஒரு சிறிய ஆய்வகத்தில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறீர்கள். "ஹெச்.எஸ்.வி.க்கு ஒரு ஆன்டிபாடி ஆர்டர் போட்டுடு" என்று சொல்லிவிட்டு உங்கள் கைடு வகுப்பெடுக்கப் போய்விட்டார். அந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஹெச்.எஸ்.வி. என்றால் ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ். ஆன்டிபாடி என்பது ஒரு குறிப்பிட்ட இலக்கைத் தேடிப் பிடித்துக்கொள்ளும் புரதம், அதை வைத்து வைரஸ் செல்லில் இருக்கிறதா என்று பார்ப்போம்.

நான் பாலக்காடு மாவட்டத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இந்த வேலையைத் தட்டுத்தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். திருவனந்தபுரம், வேலூர் போன்ற ஊர்களின் பெரிய ஆய்வகங்களில் பக்கத்து மேசையில் கேட்டால் யாராவது சொல்லிவிடுவார்கள். நம்மைப் போன்ற இடங்களில் ஆன்டிபாடி தலைப்பில் வருடத்துக்கு ஒருமுறை பணம் வரும். அந்த ஒரு குப்பி தவறிப்போனால் அந்த வருட வேலையே நின்றுவிடும். ஆகவே ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குப்பியின் மேல் எழுதியிருப்பது நிறுவனத்தின் வாக்கு மட்டுமே. உங்கள் செல்லில், உங்கள் கையால் சரிபார்த்த பிறகுதான் அது உங்களுக்கு ஆன்டிபாடி. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தச் சரிபார்ப்பை மனதில் வைத்தே எழுதியவை.

1. கேட்லாக்கைத் திறக்கும் முன் கேள்வியை எழுதுங்கள்

ஒரு தாளில் ஒரே வரியில் எழுதுங்கள்: எந்த மாதிரியில், எதைத் தேடுகிறேன், எந்த முறையில்? "வீரோ செல்லில் ஹெச்.எஸ்.வி.-1 பெருகுவதை என் மூலிகைச் சாறு தடுக்கிறதா என்று வெஸ்டர்ன் பிளாட்டில் பார்க்க வேண்டும்." இவ்வளவு போதும். (வீரோ என்பது வைரஸ் வளர்க்கப் பயன்படும் குரங்குச் சிறுநீரகச் செல். வெஸ்டர்ன் பிளாட் என்பது புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, மெம்பிரேன் என்ற தாளுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் முறை.) இந்த வரி இல்லாமல் தேடல் பெட்டியில் "ஹெச்.எஸ்.வி. ஆன்டிபாடி" என்று தட்டினால் மூன்று வேறு வேறு பொருள்கள் ஒரே பட்டியலில் வந்து நிற்கும்.

முதலாவது, நோயாளியின் இரத்தத்தில் வைரஸுக்கு எதிராக உருவான ஆன்டிபாடியை அளக்கும் எலைசா கிட். அது மருத்துவப் பரிசோதனைக்கானது. செல்லில் இருக்கும் வைரஸை அது காட்டாது.

இரண்டாவது, ஹெச்.எஸ்.வி. டேக் ஆன்டிபாடி. புதியவர்கள் அதிகம் விழுகிற குழி இதுதான். வைரஸின் கிளைக்கோபுரோட்டீன் டி-யிலிருந்து 11 அமினோ அமிலம் கொண்ட ஒரு துண்டை எடுத்து, ஆய்வகத்தில் தயாரிக்கும் வேறு புரதங்களின் வாலில் அடையாளமாக ஒட்டுவார்கள். அந்த ஒட்டைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஆன்டிபாடி. பெயரில் ஹெச்.எஸ்.வி. இருக்கும், விலையும் குறைவாக இருக்கும். ஆனால் தொற்றிய செல்லில் வைரஸைக் காட்டுமா என்று அந்த நிறுவனம் பெரும்பாலும் சோதித்துப் பார்த்திருக்காது. தயாரிப்புத் தாளில் "டேக்" அல்லது "எபிடோப் டேக்" என்ற சொல் கண்ணில் பட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

மூன்றாவதுதான் உங்களுக்கு வேண்டியது: வைரஸின் புரதத்தைப் பிடிக்கும் முதல்நிலை ஆன்டிபாடி. இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. "ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்று அச்சிட்ட ஆன்டிபாடியை வைத்து நோயாளிக்கு முடிவு எழுதிக் கொடுக்கக் கூடாது. பக்கத்து மருத்துவமனையிலிருந்து தெரிந்தவர் ஒருவர் கொப்புளத்துச் சுரண்டலை அனுப்பி "சும்மா பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்பார். மறுத்துவிடுங்கள். நோயறியும் பொருள்கள் மருத்துவ சாதன விதிகள் 2017-இன் கீழ் உரிமம் பெற்றவையாக இருக்க வேண்டும்.

2. எந்தப் புரதம் என்று முடிவு செய்யுங்கள்

நம் பக்கத்து ஆய்வகங்களில் பாதி, நிலவேம்பு, கீழாநெல்லி, ஆடாதோடை என்று ஏதாவது ஒரு மூலிகைச் சாறு வைரஸைத் தடுக்கிறதா என்றுதான் பார்க்கின்றன. அவர்களுக்கு இந்தப் படி மிக முக்கியம்.

ஹெச்.எஸ்.வி. தன் புரதங்களை வரிசை வைத்துச் செய்கிறது. செல்லுக்குள் நுழைந்த சில மணி நேரத்தில் உடனடிப் புரதங்கள் வரும். ஐ.சி.பி.4, ஐ.சி.பி.0, ஐ.சி.பி.27 இவ்வகை. அடுத்து முந்திய புரதங்கள். டி.என்.ஏ.வைப் பிரதியெடுக்க உதவும் ஐ.சி.பி.8 இங்கே வருகிறது. கடைசியாகப் பிந்திய புரதங்கள். இதில் கிளைக்கோபுரோட்டீன் டி கொஞ்சம் சீக்கிரமே தலைகாட்டிவிடும். கிளைக்கோபுரோட்டீன் சி மட்டும் வைரஸ் டி.என்.ஏ. பிரதியெடுத்த பிறகே சரியாக வரும்.

இதனால் என்ன பயன் என்றால், எந்தப் புரதம் நின்றது என்பதை வைத்து உங்கள் சாறு எந்தக் கட்டத்தில் வேலை செய்கிறது என்று சொல்லிவிடலாம். அசைக்ளோவிர் போட்ட செல்லில் ஐ.சி.பி.4-உம் ஐ.சி.பி.8-உம் வந்துகொண்டிருக்கும், கிளைக்கோபுரோட்டீன் சி சரிந்துவிடும். அந்த மருந்து தடுப்பது டி.என்.ஏ. பிரதியெடுப்பை. உங்கள் சாற்றில் ஐ.சி.பி.4-கூட வரவில்லை என்றால் வைரஸ் உள்ளே நுழைவதே தடைபட்டிருக்கலாம். அல்லது சாற்றின் நச்சுத்தன்மையால் செல்லே செத்திருக்கலாம். செல் உயிரோடு இருக்கிறதா என்ற சோதனையை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு ஆன்டிபாடிக்குத்தான் பணம் இருக்கிறதா? கிளைக்கோபுரோட்டீன் டி-க்கு வாங்குங்கள். அளவாக நிறைய வரும், வெஸ்டர்னில் சுமார் 55 முதல் 60 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) இடத்தில் தெளிவாகத் தெரியும், அதைப் பற்றிய ஆய்வும் ஏராளம். இரண்டுக்குப் பணம் இருந்தால் ஐ.சி.பி.8 அல்லது ஐ.சி.பி.4 சேருங்கள். ஐ.சி.பி.4 சுமார் 175 கிலோடால்டன். 12 சதவீத ஜெல்லில் அது மேலேயே நின்றுவிடும். 7 அல்லது 8 சதவீத ஜெல் ஊற்றி, டிரான்ஸ்ஃபர் நேரத்தையும் கூட்ட வேண்டும்.

வகை 1, வகை 2 இரண்டையும் பிரித்தறிய வேண்டுமென்றால் கதை வேறு. இரண்டும் நெருங்கிய சொந்தம். பெரும்பாலான ஆன்டிபாடிகள் இரண்டையும் பிடிக்கும். பிரித்துக் காட்ட ஏற்றது கிளைக்கோபுரோட்டீன் ஜி. அது இரண்டு வகையிலும் வெகுவாக மாறுபடுகிறது. கேட்லாக்கில் "ஹெச்.எஸ்.வி.-1" என்று மட்டும் போட்டிருப்பதால் அது வகை 2-ஐப் பிடிக்காது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வகை 2-இல் சோதித்துப் பார்க்கவே இல்லை என்பதாகவும் இருக்கலாம். விநியோகஸ்தரிடம் எழுத்தில் கேளுங்கள்.

3. குளோன், விலங்கு, முறை

மோனோகுளோனல், அதாவது ஒரே செல் வம்சத்திலிருந்து (குளோனிலிருந்து) வரும் ஒரே வகை ஆன்டிபாடி என்றால் குளோன் பெயரைக் கேட்டு வாங்குங்கள். கிளைக்கோபுரோட்டீன் டி-க்கு டி.எல்.6 என்ற சுண்டெலிக் குளோன் பல காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. புரதத்தின் 272 முதல் 279 வரையுள்ள அமினோ அமிலங்களை அது பிடிக்கிறது, இரண்டு வகை வைரஸிலும் பிடிக்கிறது. நேர்வரிசைத் துண்டு என்பதால் கொதிக்க வைத்து விரித்த புரதத்திலும் வேலை செய்யும். அதனால் வெஸ்டர்னுக்கு ஏற்றது. அதே புரதத்துக்கு டி.எல்.11 என்றொரு குளோனும் உண்டு. அது மடிப்புக் குலையாத வடிவத்தைத்தான் பிடிக்கும். ஆன்டிபாடி வைரஸின் தொற்றைத் தடுக்கிறதா என்று பார்க்கும் நடுநிலையாக்கல் சோதனைக்கு அருமையானது, கொதிக்க வைத்த லைசேட்டில் (உடைத்த செல்லின் கரைசலில்) பயன்படாது. "இந்தக் கம்பெனி ஆன்டிபாடி வேலை செய்யல" என்று கேள்விப்படும் பல புகார்களுக்குக் காரணம், முறைக்குப் பொருந்தாத குளோன்.

அடுத்து, எந்த விலங்கில் தயாரித்தது? இதை யாரும் எனக்கு முதலில் சொல்லித்தரவில்லை. நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹெச்.எஸ்.வி.-1 தொற்றிய செல்லின் மேற்பரப்பில் கிளைக்கோபுரோட்டீன் இ-யும் ஐ-யும் சேர்ந்து ஓர் ஏற்பியாக நிற்கின்றன. அது ஐ.ஜி.ஜி. ஆன்டிபாடியின் வால் பகுதியை, அதாவது எஃப்.சி. பகுதியை, பிடித்துக்கொள்ளும். உடலின் எதிர்ப்பிலிருந்து தப்பிக்க வைரஸ் வைத்திருக்கும் வழி அது. மனிதரின் ஐ.ஜி.ஜி.யையும் முயலின் ஐ.ஜி.ஜி.யையும் பிடிக்கும், சுண்டெலியின் ஐ.ஜி.ஜி.யைப் பிடிப்பதில்லை. விளைவு என்ன தெரியுமா? இம்யூனோஃபுளோரசன்ஸில் (ஒளிரும் நிறமியோடு செல்லை நுண்ணோக்கியில் பார்க்கும் முறை) நீங்கள் எந்த முயல் ஆன்டிபாடியைப் போட்டாலும், அது வைரஸோடு சம்பந்தமே இல்லாத ஆன்டிபாடியாக இருந்தாலும், தொற்றிய செல் ஒளிரக்கூடும். தொற்றாத செல் இருட்டாகவே இருக்கும். படம் பார்க்க அவ்வளவு சுத்தமாக இருக்கும். நம்பிவிடுவோம்.

அதனால் இம்யூனோஃபுளோரசன்ஸோ ஃபுளோ சைட்டோமெட்ரியோ (ஒளிரும் செல்களை எண்ணும் முறை) செய்வதாக இருந்தால் சுண்டெலி மோனோகுளோனலை முதலில் தேடுங்கள். முயல் ஆன்டிபாடிதான் கிடைக்கிறது என்றால் அதோடு சாதாரண முயல் ஐ.ஜி.ஜி. ஒரு குப்பியும் சேர்த்து வாங்கி, தொற்றிய செல்லின் மேல் அதே செறிவில் போட்டுப் பாருங்கள். வால் நீக்கிய எஃப்-ஏ-பி-2 துண்டுகளும் கிடைக்கின்றன, விலை கூடுதல். மனித சீரம் போட்டு அந்த ஏற்பியை அடைத்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஹெச்.எஸ்.வி.-1 தொற்று இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. யாரோ ஒருவரின் சீரத்தை எடுத்தால் அதிலேயே வைரஸ் எதிர்ப்பு ஆன்டிபாடி இருக்க வாய்ப்பு மிக அதிகம். வேண்டாம். வெஸ்டர்ன் மட்டும் செய்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, கொதிக்க வைக்கும்போதே அந்த ஏற்பி குலைந்துவிடும்.

இரண்டாம்நிலை ஆன்டிபாடியை, அதாவது முதல்நிலை ஆன்டிபாடியைப் பிடித்து ஒளியோ நிறமோ காட்டுவதை, மறந்துவிடாதீர்கள். முதல்நிலை சுண்டெலி என்றால் ஆடு அல்லது கழுதையில் தயாரித்த சுண்டெலி-எதிர் ஆன்டிபாடி. இதை இந்திய நிறுவனங்களிடமே வாங்கலாம், சில ஆயிரங்களில் முடிந்துவிடும். ஒரே கண்ணாடியில் இரண்டு நிறம் வேண்டுமென்றால் முதல்நிலை இரண்டும் வெவ்வேறு விலங்கில் தயாரித்தவையாக இருக்க வேண்டும்.

4. கோப்பைத் தயார் செய்யுங்கள்

ஆன்டிபாடி தொற்றும் பொருள் இல்லை. அதை வாங்க உயிர்ப்பாதுகாப்பு அனுமதி தேவையில்லை. ஆனால் வைரஸை வளர்க்க வேண்டும். ஹெச்.எஸ்.வி. இரண்டு வகையும் அபாயப் பிரிவு 2. உயிர்ப்பாதுகாப்பு நிலை 2 வசதியும், உங்கள் நிறுவனத்தின் உயிர்ப்பாதுகாப்புக் குழுவான ஐ.பி.எஸ்.சி.யின் ஒப்புதலும் வேண்டும். அந்தக் கடிதம் கையில் வரும் முன் ஆன்டிபாடி ஆர்டர் போட்டால், குப்பி ஃபிரீசரில் கிடக்க அதன் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும். குழு அடிக்கடி கூடாது. ஆகவே முதல் வேலை அதற்கு விண்ணப்பிப்பது. நோயாளியின் மாதிரி எடுப்பதாக இருந்தால் மனித நெறிமுறைக் குழு ஒப்புதல் தனி.

வீரோ செல் இல்லாதவர்கள் புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்துக்கு எழுதலாம். வைரஸை ஏற்கெனவே வைத்திருக்கும் இந்திய ஆய்வகத்திடம் பொருள் பரிமாற்ற ஒப்பந்தம் போட்டு வாங்குவதுதான் நடைமுறையில் எளிது. இவை இரண்டும் மாதக்கணக்கு வேலைகள் என்று மனதில் வையுங்கள்.

கொள்முதல் கோப்பில் இருக்க வேண்டியவை:

- இண்டென்ட் (வாங்கக் கோரும் படிவம்), திட்டத் தலைப்பில் பணம் இருக்கிறது என்ற கணக்குப் பிரிவின் குறிப்போடு.
- கொட்டேஷன். கேட்லாக் எண், குளோன், விலங்கு, ஐசோடைப் (ஆன்டிபாடியின் உள்வகை), அளவு, செல்லுபடிக் காலம், ஹெச்.எஸ்.என். குறியீடு (வரிக்கான பொருள் எண்), ஜி.எஸ்.டி. விகிதம், கூரியர் கட்டணம் எல்லாம் அதில் வேண்டும். "ஆன்டி ஹெச்.எஸ்.வி., 1 குப்பி" என்று மட்டும் இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.
- தனியுரிமைப் பொருள் சான்று. குறிப்பிட்ட குளோனை ஒரே நிறுவனம் விற்கும்போது மூன்று கொட்டேஷன் கிடைக்காது. ஏன் இந்தக் குளோன்தான் வேண்டும் என்று கைடு கையெழுத்திட்டுத் தர வேண்டும். இரண்டு பத்தி, அறிவியல் காரணத்தோடு. "தரமானது" என்று எழுதினால் குழு ஏற்காது. "இது நேர்வரிசைத் துண்டைப் பிடிக்கிறது, வெஸ்டர்னுக்கு மற்ற குளோன் பொருந்தாது" என்று எழுதுங்கள்.
- அரசு நிறுவனம் என்றால் அரசுக் கொள்முதல் தளமான ஜெம்-இல் இந்தப் பொருள் கிடைக்கவில்லை என்ற அறிக்கை.

கொட்டேஷன் இல்லாமல் நேரடியாக வாங்கும் உச்சவரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது, அவ்வப்போது திருத்தவும் செய்கிறார்கள். உங்கள் ஸ்டோர்ஸில் இன்றைய வரம்பை எழுத்தில் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். வரம்புக்குள் வர வேண்டும் என்பதற்காக ஒரே தேவையை இரண்டு பில்லாக உடைக்காதீர்கள். தணிக்கையில் முதலில் அதைத்தான் பிடிப்பார்கள்.

5. விலையும் நாளும்

இறக்குமதி முதல்நிலை ஆன்டிபாடி 100 மைக்ரோலிட்டர் அல்லது 100 மைக்ரோகிராம் குப்பிக்கு எனக்கு வந்த கொட்டேஷன்கள் பெரும்பாலும் 30,000 ரூபாயிலிருந்து 60,000 ரூபாய்க்குள் இருந்தன, வரி தனி. விலையைப் பார்த்துப் பயப்படும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். 100 மைக்ரோலிட்டரை ஆயிரத்தில் ஒரு பங்காகக் கரைத்தால் 100 மில்லிலிட்டர் வரும். ஒரு மெம்பிரேனுக்கு 5 மில்லி என்றால் 20 மெம்பிரேன். 45,000 ரூபாய்க் குப்பியில் ஒரு மெம்பிரேனுக்கு 2,250 ரூபாய். இம்யூனோஃபுளோரசன்ஸில் இருநூறில் ஒரு பங்கு, ஒரு கவர்ஸ்லிப்புக்கு (செல் ஒட்டிய மெல்லிய கண்ணாடித் துண்டு) 50 மைக்ரோலிட்டர் என்றால் அதே குப்பி 400 கவர்ஸ்லிப்புக்கு வரும். எத்தனை சோதனை செய்யப் போகிறீர்கள் என்று எண்ணிப் பார்த்து அளவைத் தேர்ந்தெடுங்கள். சில நிறுவனங்கள் 20 அல்லது 25 மைக்ரோலிட்டர் சோதனைக் குப்பியும் தருகின்றன. கேட்டால்தான் சொல்வார்கள். கட்டாயம் கேளுங்கள்.

வெளிநாட்டு நிறுவனத்திடம் டாலரில் நேரே வாங்குவதைவிட, ரூபாயில் பில் போடும் இந்திய விநியோகஸ்தர் நமக்கு நல்லது. சுங்கச் சோதனை, விமான நிலையத்தில் தேங்குவது, ஐஸ் உருகுவது எல்லாம் அவர் பொறுப்பு.

ஆர்டர் கையில் கிடைத்த பிறகு பொருள் வர நான்கு முதல் எட்டு வாரம். கையிருப்பில் இருக்கிறது என்று சொன்னால் எந்த ஊர்க் கையிருப்பு என்று கேளுங்கள். இங்கேதான் மார்ச் 31 நம்மைப் பிடிக்கும். நிதியாண்டு முடிவதற்குள் பொருள் வந்து, ஸ்டாக் பதிவேட்டில் ஏறி, பில் கணக்குப் பிரிவுக்குப் போயிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பணம் திரும்பிப்போகும். என் கணக்கில் டிசம்பருக்குள் பர்ச்சேஸ் ஆர்டர் போய்விட வேண்டும். ஜனவரியில் போடுபவர்கள் மார்ச் கடைசி வாரத்தில் தூக்கமில்லாமல் அலைவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

6. எல்லை தாண்டி வரும் பெட்டி

எங்கள் பகுதிக்கு பொருள் பெரும்பாலும் கோயமுத்தூர் வழியாக வருகிறது. வாளையாறு தாண்டினால் வேறு மாநிலம். அதனால் பில்லில் சில விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

ஜி.எஸ்.டி. வரி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலம். கேரளம் 32, தமிழ்நாடு 33, ஆந்திரம் 37. கோயமுத்தூர் விநியோகஸ்தர் பாலக்காட்டுக்கு அனுப்பினால் பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலங்களுக்கிடையிலான வரி) என்று ஒரே வரி இருக்க வேண்டும். கொச்சியிலிருந்து வந்தால் மத்திய வரி பாதி, மாநில வரி பாதி. மொத்தத் தொகை ஒன்றுதான், ஆனால் தவறான தலைப்பில் போட்டிருந்தால் கணக்குப் பிரிவு பில்லைத் திருப்பிவிடும். திருத்திய பில் வருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். ப்ரோஃபார்மா (முன்வரைவு பில்) வரும்போதே இதைப் பார்த்துவிடுங்கள்.

வரியோடு சேர்த்து மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் மாநிலம் விட்டு மாநிலம் வர இ-வே பில் (சரக்கைக் கொண்டுவருவதற்கான மின்-சீட்டு) வேண்டும். அனுப்புகிறவர்தான் எடுப்பார். அதன் ஆயுள் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். கோயமுத்தூரிலிருந்து பாலக்காடு ஐம்பது சொச்சம் கிலோமீட்டர்தான், ஆகவே ஒரே நாள். இடையில் ஹர்த்தால் வந்தால் இ-வே பில் காலாவதியாகும், பெட்டியும் வண்டியிலேயே கிடக்கும். காலாவதிக்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள் நீட்டித்துக்கொள்ளலாம்.

எங்களுக்கு ஒருமுறை விநியோகஸ்தரின் ஆள் கோயமுத்தூரிலிருந்து போன் செய்தார்.

"சார், நாளைக்கு உங்க பக்கம் ஹர்த்தாலாம்ங்க. இன்னைக்கே ஏத்தி விட்டரட்டுங்களா?"

"வேண்டாங்க. ஏத்துனா வழியில நின்னுரும். உங்க ஃபிரிட்ஜ்லயே வெச்சிருங்க. நாளன்னைக்குக் காலைல முதல் வண்டில அனுப்புங்க."

"ஃபிரீசர்ல வெக்கலாங்களா?"

"ஃபிரீசர் வேண்டாங்க. சாதா ஃபிரிட்ஜ், நாலு டிகிரி."

இந்த உரையாடலை நீங்களும் ஒருநாள் நடத்த வேண்டியிருக்கும். ஓணம் விடுமுறை, பொங்கல், வெள்ளிக்கிழமை மாலை இவற்றுக்கு முன் அனுப்ப வேண்டாம் என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். திங்கள் அல்லது செவ்வாய் கிளம்பும் பெட்டிதான் பாதுகாப்பானது.

முகவரியில் ஓர் ஊர்ப் பெயர்ச் சிக்கல் நமக்கே உரியது. பாலக்காடு மாவட்டத்தில் ஒரு சித்தூர், ஆந்திரத்தில் ஒரு சித்தூர். இரண்டிலும் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், இரண்டும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியவை. கூரியர்காரர் ஊர்ப் பெயரை மட்டும் பார்த்து ஏற்றினால் குளிர்ப்பெட்டி நானூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய் இறங்கும். மாவட்டம், மாநிலம், பின்கோடு மூன்றையும் பெரிய எழுத்தில் போடச் சொல்லுங்கள். கேரளச் சித்தூருக்கு 678-இல் தொடங்கும், ஆந்திரச் சித்தூருக்கு 517-இல் தொடங்கும். முகவரியில் ஸ்டோர்ஸ் எண்ணோடு உங்கள் கைபேசி எண்ணையும் சேருங்கள்.

7. பெட்டி வந்த அன்று

ஸ்டோர்ஸ் அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: ஐஸ் படம் போட்ட பெட்டி வந்தால் பதிவேட்டில் ஏற்றும் வரை காத்திருக்காமல் கூப்பிட வேண்டும் என்று. மதியம் வந்த பெட்டி மேசைக்கடியில் மறுநாள் வரை இருந்த கதைகள் நிறைய.

திறக்கும்போது பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு படம் எடுங்கள். மூடிய பெட்டி, முகவரி ஒட்டு, உள்ளே ஜெல் பேக் இருக்கும் நிலை, வெப்பநிலை காட்டும் ஒட்டு இருந்தால் அதன் நிறம், குப்பியின் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்). ஜெல் பேக் இளகி, வெளியே வியர்த்திருந்தாலும் தொட்டால் குளிர்ச்சி இருந்தால் பெரும்பாலான ஆன்டிபாடிகளுக்கு ஒன்றும் ஆகாது. சில நாள் அந்த நிலையைத் தாங்கும். முழுவதும் சூடாக இருந்தால் அன்றே மின்னஞ்சல் போடுங்கள், படங்களோடு. பல நிறுவனங்கள் குறுகிய கெடுவுக்குள் வரும் புகாரைத்தான் ஏற்கின்றன.

குப்பியைப் பார்த்தால் காலி போலத் தோன்றும். நூறு மைக்ரோலிட்டர் என்பது இரண்டு மூன்று சொட்டு, அது மூடிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். திறக்கும் முன் மைக்ரோசென்ட்ரிஃபியூஜில் சில நொடி சுற்றி அடியில் இறக்குங்கள். திறந்த பிறகு மூடியில் இருப்பது கையுறையோடு போய்விடும்.

அடுத்தது சேமிப்பு. தயாரிப்புத் தாளை முழுதாகப் படியுங்கள். 50 சதவீதம் கிளிசரால் இருந்தால் மைனஸ் 20-இல் உறையாது, அப்படியே வைத்து எடுத்துப் பயன்படுத்தலாம். கிளிசரால் இல்லையென்றால் 10 மைக்ரோலிட்டருக்குக் குறையாத அலிகாட்களாக, அதாவது சிறு பங்குகளாக, பிரித்து உறையவையுங்கள். அதைவிடச் சிறிதாகப் பிரித்தால் குப்பியின் சுவரில் ஒட்டியே நிறையப் போய்விடும். தானாகப் பனி நீக்கும் வீட்டு ஃபிரிட்ஜின் ஃபிரீசர் கூடாது, அது உருக்கி உருக்கி உறையவைக்கும். நிறமி அல்லது ஹெச்.ஆர்.பி. (வெஸ்டர்னில் பட்டையைக் காட்ட உதவும் நொதி) இணைத்த ஆன்டிபாடியை உறையவைக்கவே வேண்டாம், நான்கு டிகிரியில் இருட்டில் வையுங்கள். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் மின்சாரம் போவது வழக்கம். அலிகாட்களை இரண்டு வேறு ஃபிரீசரில் பிரித்து வைத்தால் ஒன்று போனாலும் ஒன்று இருக்கும்.

சோடியம் அசைடு சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அது ஹெச்.ஆர்.பி.யின் வேலையைக் கெடுக்கும், உயிருள்ள செல்லைக் கொல்லும். நடுநிலையாக்கல் சோதனைக்கு அசைடு இல்லாத வடிவத்தைத்தான் கேட்க வேண்டும். கழிவைத் தொட்டியில் கொட்டாதீர்கள், செம்பு, ஈயக் குழாய்களில் வெடிக்கும் சேர்மமாகச் சேரக்கூடும்.

8. சரிபார்த்த பிறகே மாதிரியைத் தொடுங்கள்

வைரஸில் வேலை செய்கிற நமக்கு ஒரு வசதி இருக்கிறது. மனிதப் புரதத்துக்கு ஆன்டிபாடி சோதிப்பவர்கள் அந்த மரபணுவை நீக்கிய செல்லைத் தேடி அலைய வேண்டும். நமக்குத் தொற்றாத வீரோ செல்லே அந்த வேலையைச் செய்துவிடும். அதில் பட்டை தெரிந்தால் அது வைரஸின் பட்டை இல்லை.

ஒரு ஜெல்லில் இவற்றை ஓட்டுங்கள்: தொற்றாத செல், ஹெச்.எஸ்.வி.-1 தொற்றி 4, 8, 24 மணி நேரத்தில் எடுத்தவை, கிடைத்தால் ஹெச்.எஸ்.வி.-2 தொற்றியது ஒன்று, அசைக்ளோவிர் போட்டது ஒன்று. ஆன்டிபாடியை 500, 1,000, 2,000, 4,000-இல் ஒரு பங்கு என்று நான்கு கரைப்பில் பாருங்கள். பட்டை நன்றாகவும் பின்னணி குறைவாகவும் இருக்கும் மிகக் குறைந்த செறிவுதான் உங்களுடையது. நிறுவனம் சொன்ன கரைப்பு ஒரு தொடக்கம் மட்டுமே. பல நேரம் அதைவிடப் பாதியில் வேலை முடியும், குப்பி இரட்டிப்பு நாள் வரும்.

எல்லா மாதிரியையும் ஒரே அளவு ஏற்றினோமா என்று பார்க்க உதவும் ஒப்பீட்டுப் புரதம் விஷயத்திலும் கவனம். ஹெச்.எஸ்.வி. தன்னோடு கொண்டுவரும் வி.ஹெச்.எஸ். என்ற புரதம் செல்லின் ஆர்.என்.ஏ.வை வெட்டித் தள்ளுகிறது. நீண்ட நேரத் தொற்றில் செல்லின் சொந்தப் புரதங்கள் குறையலாம். 24 மணி நேர மாதிரியில் ஒப்பீட்டுப் புரதமான ஆக்டின் மங்கியிருந்தால் உடனே லோடிங் தவறு என்று முடிவுகட்டாதீர்கள். பொன்சோ சாயத்தில் மொத்தப் புரதத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டால் விமர்சகர் கேட்கும்போது காட்டலாம்.

இம்யூனோஃபுளோரசன்ஸுக்கு நான்கு கண்ணாடிகள் குறையக் கூடாது: தொற்றாத செல்லில் ஆன்டிபாடி, தொற்றிய செல்லில் ஆன்டிபாடி, தொற்றிய செல்லில் அதே விலங்கின் சாதாரண ஐ.ஜி.ஜி., தொற்றிய செல்லில் இரண்டாம்நிலை மட்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மேலே சொன்ன ஏற்பியைக் காட்டிக்கொடுப்பது அந்த ஒன்று மட்டுமே. இது இல்லாமல் முயல் ஆன்டிபாடிப் படத்தை யார் காட்டினாலும் நான் நம்புவதில்லை, நீங்களும் நம்பாதீர்கள். மெத்தனாலில் நிலைப்படுத்தினால் சில குளோன்கள் தம் இலக்கைக் கண்டுகொள்ளாது. 4 சதவீதம் பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தி, 0.1 சதவீதம் டிரைட்டானில் துளையிட்டுத் தொடங்குங்கள்.

கேட்லாக் எண், குளோன், லாட் எண், கரைப்பு, தேதி ஆகியவற்றை ஆய்வகக் குறிப்பேட்டில் அன்றே எழுதுங்கள். கட்டுரை அனுப்பும்போது பத்திரிகைகள் ஆன்டிபாடியின் ஆர்.ஆர்.ஐ.டி. எண்ணையும் (ஆய்வுப் பொருளின் அடையாள எண்) கேட்கின்றன.

9. அடுத்த குப்பி

கடைசி அலிகாட்டை எடுக்கும் வரை காத்திருக்காதீர்கள். ஆர்டர் போட்டு வர இரண்டு மாதம் ஆகும் என்பதால், மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருக்கும்போதே இண்டென்ட் எழுதுங்கள். பாலிகுளோனல் (விலங்கின் இரத்தத்திலிருந்து எடுத்த பல ஆன்டிபாடிகளின் கலவை) என்றால் லாட் மாறினால் குணமும் மாறும். முயல் மாறியிருக்கும். ஆர்டரில் பழைய லாட் எண்ணைக் குறிப்பிட்டு, அதே லாட் இருந்தால் அதையே தரும்படி கேளுங்கள். இல்லையென்றால், சரிபார்க்கும்போது செய்த லைசேட்டில் கொஞ்சத்தை மைனஸ் 80-இல் ஒதுக்கி வைத்திருப்பீர்கள் அல்லவா, அதை ஒரே ஜெல்லில் இரண்டு பாதியாக ஓட்டி, ஒரு பாதிக்குப் பழைய லாட், மறு பாதிக்குப் புதிய லாட் என்று போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பழைய கரைப்பைப் புதியதற்குப் பயன்படுத்தாதீர்கள், நான்கு கரைப்பையும் மறுபடி பார்க்க வேண்டும்.